அவருடைய பிரஷர் எவ்வளவு?

அன்புத் தம்பிக்கு,

ராஜபாளையத்தில் மயக்க மருந்து டாக்டராகச் சேர்ந்துவிட்டாய்; ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கேஸ் பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்பு சத்திரப்பட்டித் தறிக்காரர் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். நாம் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்கிறவர். முதுகில் ஊசி போட்டேன். மானிட்டரில் 110/70. நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். "சார், கிறுகிறுன்னு வருது, குமட்டுது" என்றார். பழைய சீட்டைப் புரட்டினால், அவருடைய வழக்கமான பிரஷரே 160! மருந்து கொடுத்து ஏற்றிய பிறகுதான் தெளிந்தார். விழித்திருந்ததால் சொன்னார், முழு மயக்கத்தில் இருப்பவர் சொல்ல மாட்டார்.

புரோப்போஃபால் போட்டால் யாருக்கும் பிரஷர் இறங்கும். லாரிங்கோஸ்கோப்பை உள்ளே விட்டால் ஏறும். பிரஷர் நோய் இல்லாதவர் இதைத் தாங்கிக்கொள்வார். பிரஷர் நோயாளிக்கு ரத்தக்குழாய் தடித்திருப்பதால் இரண்டுமே மிஞ்சிப் போகும். மாத்திரையே எடுக்காதவருக்கு ஆபத்து அதிகம் என்று 1971-லேயே பிரைஸ்-ராபர்ட்ஸ் குழுவினர் ஆக்ஸ்ஃபோர்டில் காட்டிவிட்டார்கள். சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே போகக் கூடாது என்று படித்திருப்பாய். உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த 65 போதாமல் போகலாம். வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் இறங்க விடாதே.

"வெறும் வயிறு" என்றால் நம் ஊரில் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். அம்லோடிபினையும், ஏற்கெனவே எடுக்கும் பீட்டா பிளாக்கரையும் காலையில் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கச் சொல். டெல்மிசார்ட்டன், எனாலாப்ரில் வகையைப் பெரும்பாலும் 24 மணி நேரம் முன்பே நிறுத்துவோம். அன்று காலை பிரஷர் கூடுதலாக இருக்கிறதே என்று புதிதாக பீட்டா பிளாக்கர் தொடங்காதே. பக்கவாதமும் மரணமும் கூடியதை 2008-இல் வந்த பாய்ஸ் (POISE) ஆய்வு காட்டியது. 180/110-ஐத் தாண்டினால், அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லத் தயங்காதே. சர்ஜன் முகம் சுளித்தாலும் சரி.

முதல் நாளே வார்டுக்குப் போ. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. என்ன மாத்திரை, ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று வீட்டுக்காரம்மாவிடம் கேள். வழக்கமான பிரஷரையும் மாத்திரையின் பெயரையும் சார்ட்டின் முதல் வரியில் எழுதிவிட்டு, பிறகு ஊசியைக் கையில் எடு.

அன்புடன்,
உன் அண்ணன்