பைல் கண்ணெதிரே இருக்கிறது. புரோகிராம் இல்லை என்கிறதே, ஏன்?



கடனை எழுதிவைக்குமாறு மார்க்கம் நமக்குக் கூறுகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகறா 282 இதைப் பற்றியதே அன்றோ? இன்று நம்மில் பலர் பற்றுவரவைக் கம்ப்யூட்டரில் எழுதுகிறோம். டோட்டல் கமாண்டர் போன்ற பைல் மானேஜரில் ஒரு பொத்தானைச் சேர்த்துக்கொண்டு, அதை அமுக்கிக் கணக்கைத் திறக்கிறோம். பென்டிரைவுக்கு நகலும் எடுக்கிறோம். சில வேளை "பைல் இல்லை" என்று பதில் வருகிறது. காரணம் யாது?

பொத்தானை அமுக்கியதும் பைல் மானேஜர் புரோகிராமுக்கு ஒரு சீட்டு அனுப்புகிறது. அதில் இருப்பது ஒரே வரி: முதலில் புரோகிராமின் பெயர், அடுத்துப் பைலின் முகவரி. வாங்கும் புரோகிராம், பெரும்பாலும், இடைவெளி கண்ட இடமெல்லாம் வரியை வெட்டிப் படிக்கும். போல்டரின் பெயர் 'பாகான் நக்கோடா ஓமார்' என்றிருந்தால் மூன்று துண்டாகிவிடும். சபாக் பெர்ணாம், சுங்கை பெசார், தஞ்சோங் காராங் கணக்குகளுக்கும் இதே கதிதான். 'செகிஞ்சான்' மட்டும் ஒரே சொல்லாதலால் தப்பிக்கும்!

பழுதைக் கண்டறியும் வழி இது. நோட்பேடில் முதல் வரியாக @எக்கோ %1 என்றும், இரண்டாம் வரியாக @பாஸ் என்றும் ஆங்கில எழுத்தில் எழுதி, 'பேட்' என்ற வால் வைத்துச் சேமியுங்கள். பொத்தானில் புரோகிராமின் இடத்தில் இதைப் போட்டு அமுக்குங்கள். முகவரி முழுதும் தெரிந்தால் சீட்டில் குற்றமில்லை. பாதியில் நின்றால் குற்றம் சீட்டில்தான்.

இனிப் பரிகாரம்:

1. டோட்டல் கமாண்டரில் %பி என்பது போல்டர், %என் என்பது பைல். இரண்டையும் சேர்த்து, "%பி%என்" என்று மேற்கோள் குறிக்குள் இடுக. விண்டோஸ் வலதுசொடுக்கு மெனுவில் "%1" என்று இடுக.

2. போல்டரை மட்டும் அனுப்பினால் வேறொரு தொல்லை. %பி சாய்கோட்டில் முடியும். சாய்கோட்டை ஒட்டி மேற்கோள் குறி வந்தால், பல புரோகிராம்கள் அதை முடிவுக்குறியாகக் கொள்வதில்லை. "%பி." என்று ஒரு புள்ளி வைத்தால் தீரும்.

3. தமிழிலோ ஜாவியிலோ உள்ள பைல் பெயர், யூனிகோட் அறியாத பழைய புரோகிராமில் கேள்விக்குறிகளாக மாறிவிடும். புரோகிராமை மாற்றுக, இயலாவிடில் பெயரை ரோமன் எழுத்தில் வைக்க.

சகோதரர்களே, திறக்காத பைல் நம்மை எச்சரிக்கவாவது செய்கிறது. நகல் எடுக்கும் பொத்தானோ, கறுப்புச் சன்னல் ஒன்று மின்னி மறைந்ததும், வேலை முடிந்ததென்று நம்மை ஏமாற்றிவிடும். கம்ப்யூட்டர் பழுதான பின் பென்டிரைவைத் திறந்து, கடன் ஏடு இல்லையென்று கண்டால், யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு ஆதாரம் ஏது? ஜகாத்தைத்தான் எப்படிக் கணக்கிடுவது? ஆகவே நகல் எடுத்தவுடன் அந்த நகலையே ஒருமுறை திறந்து, கடைசி வரியைப் பார்த்துவிடுங்கள். கணக்கு நம்மிடமுள்ள அமானிதம்.