முதியோரின் நடையும் கவனமும்

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறிவரும் பேருந்து செம்மேட்டில் நம்மை இறக்கிவிடுகிறது. அதன்பின் பல குடியிருப்புகளுக்கும் மிளகுத் தோட்டங்களுக்கும் ஒற்றையடிப் பாதையே வழி. அப்பாதையில் முதியவர் ஒருவர் விழுந்துவிட்டால், கால் தளர்ந்துவிட்டது என்று கூறி அமைதி அடைகிறோம். கால் மட்டுமே காரணமன்று; நடப்பதற்கு மூளையின் கவனமும் வேண்டும்.

இளமையில் நடை தானாகவே நிகழ்வதுபோலத் தோன்றும். முதுமையிலோ பார்வை மங்குகிறது. பாதத்தின் உணர்ச்சி குறைகிறது. அக்குறையை ஈடுசெய்ய, எந்தக் கல்லில் கால் வைப்பது, எவ்வளவு தூக்குவது என்பதை மூளை அடிக்கு அடி கருத்தூன்றித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அவ்வேளையில் பின்னே வருபவர் பலாப்பழத்தின் விலையைக் கேட்டால் கவனம் இரண்டாகப் பிரிகிறது, அடி தவறுகிறது.

1997-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனை ஒன்று மிக எளியது. முதியோர் குடியிருப்பில் 58 பேர் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தனர். 12 பேர் நடையை நிறுத்திவிட்டனர். அடுத்த ஆறு மாதங்களில் அப்பன்னிருவரில் பதின்மர் விழுந்தனர். மற்றவர்களிலும் சிலர் விழுந்தனர் என்பதை மறத்தலாகாது. கருவி ஏதும் வேண்டாத இச்சோதனையை நம் வீட்டு வாசலில், சமதரையில், துணையுடன் செய்து பார்க்கலாம்.

நின்று பதில் கூறும் பாட்டியாரை, "நடந்துகொண்டே சொல்லுங்கள்" என்று விரட்டுவது பெருந்தவறு. நிற்பது அவர் தம்மைக் காத்துக்கொள்ளும் முறை. இறக்கத்தில் உடன் செல்வோர் பேச்சை நிறுத்தி, தலைச்சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். மறதி நோய் உடையவர்கள் விழுவது ஏறத்தாழ இருமடங்கு ஆதலால், அவர்களை ஓடைக்குத் தனியே அனுப்புதல் தகாது. நடையும் பேச்சும் திடீரென்று குழம்பினால் அது வெறும் மூப்பன்று. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியதும் உண்டு. படிகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு தீட்டினால் படி எங்கே முடிகிறது என்று மூளை ஊகிக்க வேண்டியதில்லை, வேலை பாதியாகிறது. செங்குத்தான இடங்களில் கைப்பிடி அமைக்கலாம். 2021-இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் வரும்போது, ஒருமுறையேனும் விழுந்த முதியோர் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்பதைத் தெரிவித்து, அவர்களையும் பார்க்கச் சொல்லலாம்.