ஐந்தடக்கும் ஆமையும் அடக்காத ஆமையும்

அடக்கமுடைமை அதிகாரத்தில் வரும் ஆமையை (குறள் 126) அறியாத தமிழ் மாணவர் இரார். தலை ஒன்றும் கால் நான்குமாகிய ஐந்து உறுப்புகளையும் ஓட்டினுள் இழுத்துக்கொண்டு இடர் கடக்கும் அவ்வுயிரையே புலனடக்கத்துக்கு உவமையாக்கினார் வள்ளுவர். ஆனால் நம் கடற்கரைக்கு முட்டையிட வரும் ஆமைகளுள் ஒன்றேனும் இவ்வாறு செய்ய வல்லதன்று. கடலாமையின் தலையும் துடுப்புகளும் ஓட்டினுள் அடங்கமாட்டா. எனவே குறளில் உள்ளது குளத்து ஆமையோ நிலத்து ஆமையோ ஆதல் வேண்டும். ஆமை என்னும் ஒரு சொல்லினுள் வாழ்முறையால் பெரிதும் வேறுபட்ட உயிர்கள் பல அடங்கியுள்ளன. இவ்வேறுபாட்டை அறியாததால், காக்க நினைப்பவரும் அவற்றுக்குக் கேடு செய்துவிடுகின்றனர்.

வேறுபாட்டை அறியக் காலைப் பார்த்தலே போதும். கால்கள் துடுப்புப் போலத் தட்டையாக இருப்பின் அது கடலாமை. விரல்களுக்கிடையே சவ்வு இருப்பின் ஏரி, குளங்களில் வாழ்வது. யானைக்கால் போலத் தூணாகத் திரண்டிருப்பின் நிலத்து ஆமை. முதுகில் விண்மீன் போன்ற மஞ்சள் கோடுகளையுடைய நட்சத்திர ஆமை இவ்விறுதி வகையைச் சார்ந்தது. இது புல்லும் பழமும் தின்று புதர்க்காட்டில் வாழ்வது; நீந்த அறியாதது. வழியில் கண்ட இவ்வாமையை இரக்கத்தோடு எடுத்துச் சென்று கிணற்றிலோ கடலிலோ விடுவோர் உளர். நல்லெண்ணத்தால் செய்யப்படும் கொலை என்றே இதனைக் கூறவேண்டும். சாலையைக் கடக்கும் ஆமையைக் கண்டால், அது எத்திசை நோக்கிச் சென்றதோ அத்திசையில் சாலையோரம் விடுதலே முறை. திரும்ப விட்டால் மீண்டும் சாலைக்கே வரும்.

நம் கடல்களில் ஐவகை ஆமைகள் உள்ளன. அவற்றுள் மிகுதியாகக் கரையேறுவது பங்குனி ஆமை எனப்படும் சிற்றாமை. சனவரி முதல் ஏப்ரல் வரை சோழமண்டலக் கரையில் முட்டையிடும். பேராமை கடற்புல் மேய்வது; மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் அதன் மேய்ச்சல் நிலங்கள். ஏழுவரி ஆமை அனைத்தினும் பெரியது. அதன் முதுகில் ஓட்டுத் தகடுகள் இல்லை, தோல் போர்த்த ஏழு வரிகளே உண்டு. பெருந்தலை ஆமை அரிதாகவே தென்படும். எஞ்சிய அழுங்காமையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும்.

கிளிமூக்குப் போல வளைந்த வாயும், ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஓட்டுத் தகடுகளும் அழுங்காமையின் அடையாளங்கள். பவளப் பாறைகளில் வளரும் கடற்பஞ்சுகளே இதன் முதன்மை உணவு. இதன் இறைச்சி சில வேளைகளில் கொடிய நஞ்சாகும். சமைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. அதற்கு முறிமருந்தும் இல்லை. உண்ட தாயின் பால் வழியே குழந்தைக்கும் நஞ்சு சென்றதுண்டு. தென்தமிழகத்திலும் இலங்கையிலும் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. மாலிகி மத்ஹபில் கடலாமை உண்ண இடம் உண்டெனினும், ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து ஆமையை விலக்குகிறது. ஹனஃபி மத்ஹபிலோ நீர்வாழ்வனவற்றுள் மீன் மட்டுமே உணவாகும். இவ்விரு மத்ஹபுகளையும் பின்பற்றுவோரே மிகுந்த நம் ஊர்களில், மருந்து என்றும் வலிமை தரும் என்றும் சொல்லி ஆமை இரத்தத்தையும் இறைச்சியையும் எவரேனும் நீட்டினால், பெரியவர்கள் தயங்காது தடுக்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகள் ஐந்தும் இடம்பெற்றுள்ளன. முட்டையை எடுத்தலும் குற்றமே.

அகநானூற்றின் 160ஆம் பாடலில் குமிழிஞாழலார் நப்பசலையார், அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் ஆமை முட்டையிட்டுப் புதைப்பதைக் காட்டுகிறார். வெண்ணிற வட்டுப் போன்ற முட்டையின் உருவையும் புலால் நாற்றத்தையும் கூடச் சொல்லும் நுட்பம் வியப்புக்குரியது. குஞ்சு பொரிக்கும் வரை ஆண் ஆமை காத்திருக்கும் என்பது மட்டும் புலவரின் அன்பு நெஞ்சம் சேர்த்தது. நம் கரைகளில் ஆண் கடலாமை ஏறுவதில்லை. தாயும் முட்டையை மூடியதும் கடலுக்குத் திரும்பிவிடும். குறுந்தொகை 152இல் கிள்ளிமங்கலங்கிழார் தாயில்லா முட்டை என்று குறிப்பது இவ்வுண்மைக்கு நெருங்கியதாகும்.

சிற்றாமை ஒருமுறை நூறு முட்டைகள் வரை இடும். ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். கூட்டின் வெப்பம் மிகுந்தால் பெண்களும் குறைந்தால் ஆண்களும் மிகுதியாகப் பிறக்கும். இரவில் வெளிவரும் குஞ்சுகள் ஒளிமிக்க தொடுவானையே கடல் என்று நம்பிச் செல்லும். சாலை விளக்கு ஒளிர்ந்தால் சாலைக்கே செல்லும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து கூடுகளைக் காத்துவருவது இதன் பொருட்டே. முட்டையிட வரும் ஆமையைக் கண்டால் கைவிளக்கை அணைத்து, அதன் பின்புறமாக விலகி அமைதியாக நிற்றல் வேண்டும். புகைப்பட ஒளியும் கூடாது. அப்போது அதன் கண்ணில் வழிவது அழுகையன்று. உடலின் மிகை உப்பை வெளியேற்றும் நீர்.

குளத்துப் பாலாமை வயலிலிருந்து வீட்டுக்குள் வந்துவிடுவதுண்டு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்னும் பழமொழியை நினைத்து அதனை அடித்துக் கொல்வது அறிவுடைமையன்று. சகுனம் பார்த்தலை இசுலாம் ஏற்பதுமில்லை. ஓட்டின் பின்பக்கத்தை இரு கைகளாலும் பற்றி, தரையை ஒட்டியே தூக்கி, அருகிலுள்ள குளத்தில் விடலாம். முன்பக்கம் பற்றினால் நீண்ட கழுத்தைத் திருப்பிக் கடித்துவிடும். வாலைப் பிடித்துத் தூக்கலாகாது. ஆமையின் உடலில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடுமாதலால், பின்னர்க் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

கடலாமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் நீருள் மூச்சுத் திணறும். 2025 சனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான சிற்றாமைகள் இறந்து ஒதுங்கின. வலையில் வந்த ஆமை அசைவற்றிருந்தால் இறந்ததென்று உடனே கடலில் வீசுதல் தவறு. மயங்கிய ஆமை மூழ்கிவிடும். மல்லாத்தாமல், பின்பகுதி சற்று உயர்ந்திருக்குமாறு நிழலில் கிடத்தி, ஓட்டின்மேல் ஈரத்துணி போர்த்தி, மூக்கை மூடாமல் விடவேண்டும். நுரையீரலிலுள்ள நீர் வடிந்து, பல மணி நேரத்துக்குப் பின்னும் அது தலை நிமிர்ந்து மூச்சு விடுவதுண்டு.