தலைமன்னார்க் கப்பல்

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

தேசப்படத்தை விரித்து, இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் விரலை வையுங்கள். அதுதான் தனுஷ்கோடி. விரலைச் சற்றே நகர்த்தினால் இலங்கையின் தலைமன்னார். இடையில் உள்ள கடல் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான்!

வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டிற்கும் நடுவே சேது எனப்படும் மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. இங்கே ஆழம் குறைவாதலால் பெரிய கப்பல்கள் இவ்வழியே செல்லாமல் இலங்கையைச் சுற்றிச் செல்கின்றன. நீரில் அதிகம் அமிழாத கப்பல்களே இரு கரைகளுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்றன.

1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இப்பயணம் எளிதாயிற்று. சென்னை எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறியவர்கள் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் புகைவண்டி ஏறிக் கொழும்பு சேர்ந்தனர். இவ்வளவுக்கும் ஒரே பயணச்சீட்டு போதுமாயிருந்தது.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டியைக் கடல் விழுங்கியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது.

அதே ஆண்டு அக்டோபரில் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்பது முடிவு. எண்களைப் பங்கிடுவது எளிது; குடும்பங்களைப் பங்கிடுவது எளிதா?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி, இளம்பெண்ணாக அக்கப்பலில் வந்தவர். இலங்கையிலேயே பிறந்த அவர், பெற்றோருடன் இந்தியா வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மணமான அக்காவோ இலங்கைக் குடியுரிமை பெற்று அங்கேயே தங்கினார். தலைமன்னார்த் துறையில், “அழாதே தங்கச்சி, கப்பல்தான் இருக்கே; வந்து பார்த்துக்கிறேன்” என்றாராம்.

1984-இல், இலங்கையில் போர் மூண்ட நிலையில், கப்பல் நின்றது. அக்காவால் வர முடியவில்லை. கடிதங்கள் மட்டும் வந்தன. இடையிடையே அவையும் வரவில்லை. “ஒரு பகல்கூட ஆகாத கப்பல் பயணம், எனக்கு இன்னும் முடியலை” என்று பாட்டி கூறியபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்திற்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாட்களில் நின்ற அது, 2024 ஆகஸ்டு 16-இல் மீண்டும் புறப்பட்டது. செய்தியறிந்த பாட்டி கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார். அவருடைய அக்காவுக்கு இப்போது வயது எண்பதுக்கு மேல்.

அன்று முதல் இன்று வரை அந்தக் கடலின் அகலம் மாறவில்லை. மனிதர் செய்த முடிவுகளால்தான் அது ஒரு நாள் சுருங்கியது, ஒரு நாள் விரிந்தது. நாளை முடிவுகள் எடுக்கும் இடத்தில் நம்மில் சிலர் அமரலாம். அன்று தேசப்படத்தின் கோடுகளோடு, துறையில் நின்று கையசைத்த அந்த அக்காவையும் நாம் நினைவில் கொள்வோமாக!