மீயொலியும் குமிழியும்

மாணவர்களே! நாம் வாழும் ஐதராபாத், முத்து நகரம் எனப் புகழ்பெற்றது. சார்மினாருக்கு அருகிலுள்ள கடைவீதிகளில் முத்து மாலைகளும் பொன் நகைகளும் கண்ணைக் கவரும். அழுக்குப் படிந்த பொன் நகையை நீர் நிறைந்த மீயொலித் தொட்டியில் இட்டுத் தூய்மை செய்வதுண்டு. ஆனால், முத்தினை அதில் இடலாகாது. ஏன்?

மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. நகைத் தொட்டிகள் பல நொடிக்கு 40,000 முறை அதிர்பவை. அவ்வதிர்வால் நீரின் அழுத்தம் குறைந்தும் கூடியும் மாறிவரும். குறையும்போது நீரிலுள்ள நுண்ணிய வளிமக் குமிழிகள் விரியும், கூடும்போது சுருங்கும்.

மிதிவண்டிச் சக்கரத்துக்கு விரைந்து காற்றடித்தால், காற்றடிக்கும் கருவியின் அடிப்பகுதி சுடும். அழுத்தப்பட்ட வளிமம் வெப்பமடைவதே காரணம். குமிழிக்குள்ளும் அவ்வாறே நிகழ்கிறது. அவ்வெப்பம் உள்ளே தங்குகிறதா, வெளியேறுகிறதா என்பது குமிழியின் போக்கை மாற்றும்.

குமிழி மெல்லச் சுருங்கினால் வெப்பம் நீருக்குள் கசிந்துவிடும். உள்ளே வெப்பநிலை மிகுதியாக உயராது. குமிழி சிறிதாக இருந்தால், அதன் பருமனை நோக்கப் புறப்பரப்பு மிகுதி. ஆதலால் வெப்பம் எளிதில் வெளியேறும். ஒவ்வோர் அதிர்விலும் இவ்வாறு வெப்பம் நீரைச் சேர்வதால் குமிழியின் ஆற்றல் குறையும். காற்றின் தடையால் ஊஞ்சலின் வேகம் குறைவதுபோல, வெப்பக் கடத்தல் குமிழியின் ஆட்டத்தைத் தணிக்கிறது.

மிக விரைந்து சுருங்கும்போதோ வெப்பம் வெளியேற நேரமில்லை. குமிழி நொறுங்கும் கணத்தில் உள்ளே பல ஆயிரம் பாகை வெப்பம் எழும். ஆயினும் நகை உருகுவதில்லை. அவ்வெப்பம் நுண்ணிய இடத்தில், நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரமே நிலைத்து, நீரில் அடங்கிவிடும். நொறுங்கும் குமிழியிலிருந்து பாயும் நீர்த்தாரையும் அதிர்ச்சியுமே அழுக்கைப் பெயர்க்கின்றன.

பொன் அத்தாக்குதலைத் தாங்கும். முத்தின் மேற்பரப்போ மென்மையான அடுக்குகளால் ஆனது. அது சிதைந்தால் ஒளி மங்கும். எனவே, முத்தினை மென்மையான ஈரத்துணியால் துடைப்பதே நன்று.

ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் முத்துப்பாண்டியன் அசோக்குமார் இத்தகைய குமிழிகளை ஆராய்ந்தவர். கண்ணுக்குப் புலனாகாத குமிழிக்குள்ளும் கற்பதற்கு எவ்வளவோ உண்டு!

சொற்பொருள்
வளிமம் – வாயு
புறப்பரப்பு – வெளிப்பக்கத்தின் பரப்பு
தணித்தல் – குறைத்தல்
தாரை – நீரின் பாய்ச்சல்

விடை எழுதுக
1. மீயொலி என்பது யாது?
2. சிறிய குமிழியிலிருந்து வெப்பம் எளிதில் வெளியேறுவது ஏன்?
3. குமிழிக்குள் பல ஆயிரம் பாகை வெப்பம் எழுந்தும் நகை உருகாதது ஏன்?

செய்து பார்க்க
முத்து, நீர், பொன் ஆகியவற்றுக்குரிய தெலுங்குச் சொற்களை நண்பரிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதுக.