செவிலியும் அவசர சிகிச்சைக் கூடமும்

அகப்பொருள் நூல்களைப் பயின்றோர் செவிலியை நன்கு அறிவர். தலைவியை வளர்த்தவளும் தோழியைப் பெற்றவளும் அவளே. தலைவி உடன்போகியபோது பாலை வழியிற் சென்று எதிர்ப்படுவோரை யெல்லாம் வினவித் தேடுபவளும் அவளே. 'நர்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இப்பெயரைத் தமிழர் வழங்கத் தலைப்பட்டது பொருத்தமேயாம். அவ்வாங்கிலச் சொல்லும் முதற்கண் பாலூட்டி வளர்ப்பவளையே குறித்தது. ஆயினும் பழைய செவிலிக்கு வளர்ப்பு மகள் ஒருத்தி. இக்காலச் செவிலிக்கோ ஓரிரவில் எத்துணை பேர் என்பதை அவ்விரவு கழிந்த பின்னரே சொல்லக்கூடும்.

தேர்வுக்கு முந்திய ஓர் இரவு, கையெலும்பு முறிந்த விடுதி நண்பர் ஒருவருடன் ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைக் கூடத்தில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். பின் வந்தோர் முன் அழைக்கப்படக் கண்டு சினந்து, செவிலி ஒருவரிடம் கடுமொழியும் கூறினோம். அவ்வம்மையார் மறுமொழி கூறாது திரைக்கு அப்பாற் சென்றார். அங்கே ஒரு குழந்தை இறந்தது. தாயின் அழுகுரல் கேட்ட பின்னரே எம் வாய் அடங்கிற்று. சிறிது போழ்தில் அவ்வம்மையாரே கை கழுவி வந்து, எம் நண்பரின் பெயரையும் வயதையும் வினவினார். குரலில் யாதொரு மாறுபாடும் இல்லை.

பின் வந்தோர் முன் அழைக்கப்படுதல் முறைகேடு அன்று. நெப்போலியனின் படை மருத்துவராகிய லாரே, பதவியை நோக்காது காயத்தின் கொடுமையை நோக்கியே சிகிச்சை செய்தார். 1990களில் மான்செஸ்டர் நகரில் வகுக்கப்பெற்ற முறையில் இதற்கு நிறங்கள் உண்டு: சிவப்பு உடனே, செம்மஞ்சள் 10 நிமிடத்துள், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. நிறத்தைக் குறிப்பவர் பெரும்பாலும் செவிலியே. அதற்குக் கிடைப்பன சில நிமிடங்கள். பிழைத்தால் ஓர் உயிர். காத்திருப்போரின் வசையும் அவர்க்கே உரியதாகின்றது. யாமும் அதனைச் சிறிது கூட்டினோம்.

பிற வார்டுகளில் கட்டில்கள் நிரம்பினால் நோயாளியைத் தடுத்து நிறுத்தலாம். அவசர சிகிச்சைக் கூடத்தின் வாயிலோ அடைபடுவதில்லை. மேல்மாடியில் இடமின்மையால் அங்கேயே கிடப்போரையும், புதிதாக வருவோரையும் அவ்வொருவரே காத்தல் வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கனும் பிறரும் 2002-இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. ஒரு செவிலியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், அறுவை சிகிச்சை பெற்றோர் 30 நாளுள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலி உளஞ்சோரும் வாய்ப்பு 23 விழுக்காடும் மிகுந்தன. அவ்வாராய்ச்சி அவசர சிகிச்சைக் கூடத்தைப் பற்றியதன்று. எனினும் அங்கே சுமை குறைவென்று எவரும் கூறார். கலிபோர்னியாவில் 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் அக்கூடத்தில் நான்கு நோயாளிக்கு ஒரு செவிலி என வரையறுத்தனர். சுமையைச் செவிலியின் பொறுமைக்கு விட்டுவிடாமல் எண்ணிக்கையில் அடக்கிய அச்செயலை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

உள்ளத்தின் சுமை அங்ஙனம் எண்ணில் அடங்குவதன்று. இசபெல் மென்சீஸ் என்பார் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் செவிலியரை ஆராய்ந்து 1960-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆங்கே நோயாளியைப் பெயரால் அழையாது கட்டில் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறித்தனர். ஒருவரோடு நெடிது பழகாவண்ணம் பணிகளைச் சிறு சிறு கூறாக்கினர். துயரம் அணுகாதிருக்கக் கட்டிய அவ்வேலி துயரத்தைத் தடுக்கவில்லை. பணியில் கிடைக்கும் மகிழ்ச்சியையே தடுத்தது என்பது அவர் கண்ட முடிபு. அவசர சிகிச்சைச் செவிலியரைக் குறித்து 1992-இல் எழுதிய கார்லா ஜாயின்சன், இவ்விளைவைப் பரிவுச் சோர்வு என்னும் பொருள்பட வழங்கினார். இரங்குந்திறன் இல்லாதவர்க்கு இந்நோய் வாராது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பழைய செவிலிக்குப் புலவர் ஒரு கூற்றை ஒதுக்கினர். மகளை இழந்த துயரை அவள் வாய்விட்டுச் சொல்லலாம். இன்றைச் செவிலிக்கு அத்துறை யாது? வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைச் செவிலியாக இருந்த ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்பார் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். நோயாளி இறந்தவுடன், சுற்றி நின்றோர் யாவரும் இறந்தவரை எண்ணிச் சிறிது நேரம் பேசாது நிற்பர். பின்னர் அடுத்த பணிக்குச் செல்வர். இப்பழக்கம் வேறு பல ஆஸ்பத்திரிகளிலும் பரவியுள்ளது. யாம் கண்ட அம்மையார்க்கு அவ்விரவு அச்சிறு மௌனத்துக்கும் போழ்து வாய்க்கவில்லை. திரையை விலக்கி வந்தார், ஏட்டைத் திறந்தார், பெயர் என்ன, வயது என்ன என்றார். யாம் தலை குனிந்து சொன்னோம்.