அறிவுரை சொல்லத் தகுதியுள்ளவர்கள்

சிரஞ்சீவி மருமகப் பிள்ளைக்கு மாமன் அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. குடியை விட்டுவிட வேண்டுமென்று பிறர் தூண்டாமல் உனக்கே தோன்றியிருப்பதையும், குடியை விட்டவர்கள் ஒன்றாகக் கூடும் கூட்டங்கள் சென்னையில் உண்டாமே, அவற்றுக்குப் போகலாமா என்று நீ கேட்டிருப்பதையும் வாசித்தபோது, உன் தாயார் இத்தனை காலம் செய்துவந்த பிரார்த்தனை வீண்போகவில்லை என்று மனம் நிறைந்தேன். அவசியம் போ.

உனக்குப் புத்தி சொல்ல நம் குடும்பத்தில் ஆளுக்கா பஞ்சம்? சத்தியம் வாங்கினோம்; கோவிலில் கயிறு கட்டினோம். ஐயப்பனுக்கு மாலையணிந்த 41 நாளும் ஒரு சொட்டும் தொடாமல் விரதம் காத்த நீ, மலையிறங்கி மாலையைக் கழற்றிய சில நாட்களுக்குள் பழைய இடத்துக்கே போய் நின்றதைக் கண்டு, உனக்கு மனவுறுதி கிடையாது என்று ஊரார் தீர்ப்புச் சொன்னார்கள். நான் அதை ஒப்பவில்லை. அத்தனை நாள் காத்தவனுக்கு உறுதியில்லை என்று எப்படிச் சொல்வது? விரத காலத்தில் உன்னோடு அதே விரதம் இருந்த சாமிமார்கள் காலையும் மாலையும் உன்னைச் சூழ்ந்திருந்தார்கள். மாலையோடு அந்தச் சகவாசமும் கலைந்து நீ தனியன் ஆனாய் என்பதே என் அபிப்பிராயம்.

நீ கேட்டிருக்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் சங்கம் பிறந்த கதையும் இதையே காட்டுகிறது. 1935ஆம் வருஷம், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்பவர், நியூயார்க்கிலிருந்து ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகருக்கு வியாபார நிமித்தமாக வந்து, வந்த காரியம் கைகூடாத விரக்தியில், தங்கியிருந்த ஹோட்டலின் மதுச்சாலைக்குள் நுழையப் போகும் தருணத்தில், உள்ளூர்ப் பாதிரிமார்களைத் தொலைபேசியில் அழைத்து, தம்மைப்போலவே குடியால் அல்லலுறும் வேறொருவரைக் காண வேண்டுமென்று கேட்டார். அவ்வழியே அவருக்குக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். உற்றார் சொல்லியும் கேளாத அந்த மருத்துவர், கால்மணி நேரம் மட்டுமே பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்தவர், மணிக்கணக்கில் அமர்ந்து கேட்டார். எதிரே இருந்தவர் உபதேசம் செய்யாமல் தம் சொந்த அவஸ்தையைச் சொன்னதுதான் காரணம். அவ்வருஷம் ஜூன் 10ஆம் தேதி டாக்டர் பாப் குடியை நிறுத்திய நாளையே சங்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள்.

நான் குடித்தறியாதவன். அந்தி சாயும் வேளையில் உன் கைகள் ஏன் நடுங்குகின்றன என்பதை ஊகிக்கலாமேயன்றி அறியமாட்டேன். அங்கே அமர்ந்திருப்பவர்கள் அறிவார்கள். ஆதலால் என் அறிவுரையெல்லாம், அவர்கள் சொல்வதைக் கேள் என்ற ஒன்றே.

கூட்டம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலோ மாதாகோயில் வளாகத்திலோ கிடைத்த ஓர் அறையில் நடக்கும். அதனால் அது மதப் பிரசாரம் என்று எண்ணிவிடாதே. கடவுளை அவரவர் உணர்ந்தபடியே கொள்ளலாம் என்பது அவர்களது நியமம். கட்டணம் கிடையாது. ஊரும் குலமும் உத்தியோகமும் யாரும் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் எழுந்து, தம் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார். முதல் நாள் நீ வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும். யாவரும் வரக்கூடிய கூட்டமும் உண்டு, குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டமும் உண்டு; நேரமும் இடமும் மாறக்கூடுமாகையால் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டு போ. ஒரு குழு மனத்துக்கு ஒவ்வாவிட்டால் வேறு குழுவுக்குப் போ. ஒரே நாளில் முடிவு கட்டிவிடாதே.

ஆனால் அதற்கும் முன்னால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகிய சரீரம் திடீரென்று நிறுத்தினால் நடுக்கத்தோடு நில்லாமல், சிலருக்கு வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் கண்டு உயிருக்கே அபாயமாகிவிடுவதுண்டு. அதை வைராக்கியத்தால் வெல்ல முயல்வது விவேகமல்ல. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய நிறுவனத்தின் மருத்துவமனையும் சென்னை இந்திரா நகரில் இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். உனக்குத் தெரியாமல் சோற்றில் கலந்துகொடுக்க ஏதோ பொடி வாங்கலாமா என்று உன் மனைவி எனக்கு எழுதியிருந்தாள். அத்தகைய பொடி ஆபத்தானது, கூடவே கூடாது என்று பதில் போட்டுவிட்டேன். அவளைப்போன்ற குடும்பத்தாருக்கென்றே ‘அல்-அனான்’ என்று தனிக் கூட்டங்கள் நடக்கின்றன. அவளும் போகட்டும், அவள் பட்ட துயரத்தையும் ஒருவர் கேட்க வேண்டுமல்லவா?

நடுவே ஒரு நாள் தவறிவிட்டால் வெட்கத்தால் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதே. அன்றைக்குத்தான் முக்கியமாகப் போக வேண்டும்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு, இந்த வாரமே ஒரு கூட்டத்துக்குப் போ. அங்கே கேட்டதை எனக்கு எழுத வேண்டாம். அது அங்குள்ளோரின் அந்தரங்கம். போனாய் என்பதை மட்டும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தையே கோரும்
மாமன்